‘பேப்பர் எங்கே?’ என்று யார் கேட்கலாம்: அமெரிக்க மாநிலங்களும் குடியேற்றச் சட்டமும்

2011 நவம்பர். அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலம், டஸ்கலூசா நகரம். ஒரு வாடகைக் காரைப் போலீஸ் ஓரங்கட்டச் சொல்கிறது. பெரிய காரணம் ஒன்றுமில்லை, நம்பர் பிளேட் சரியாக இல்லை. ஓட்டி வந்தவரிடம் லைசென்ஸ் கேட்கிறார்கள். அவர் கையில் இருந்தது ஜெர்மனி நாட்டு அடையாள அட்டை மட்டும்தான். பாஸ்போர்ட் ஹோட்டல் அறையில் கிடந்தது. சில மாதங்களுக்கு முன்பு என்றால் ஒரு அபராதச் சீட்டை எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அந்த வருடம் புதிதாக வந்திருந்த மாநிலச் சட்டப்படி அப்படி விட முடியாது. ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். கூட வேலை பார்க்கும் ஒருவர் பேப்பர்களை எடுத்து வந்து காட்டிய பிறகுதான் ஆள் வெளியே வந்தார்.

அவர் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் அதிகாரி. பக்கத்தில் வான்ஸ் என்ற ஊரில் இருக்கும் அந்த நிறுவனத்தின் தொழிற்சாலைக்கு வந்தவர். அந்தத் தொழிற்சாலையைத் தன் மண்ணுக்குக் கொண்டுவர 1993-இல் சுமார் 25 கோடி டாலர் சலுகை கொடுத்த மாநிலம் அலபாமா. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள்.

பெரிய நிறுவனத்து அதிகாரி என்பதால் இது செய்தியானது. அதே இடத்தில் ஒரு மெக்சிகோ கொத்தனாரை நிறுத்தியிருந்தால் உள்ளூர்ப் பத்திரிகையில்கூட நாலு வரி வந்திருக்காது. ஆனால் அந்தச் சாலையோரத்தில் எழுந்த கேள்வி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். நம்பர் பிளேட்டைப் பார்க்க நிற்கும் உள்ளூர்ப் போலீஸ்காரர், “இந்த நாட்டில் இருக்க உனக்கு அனுமதி உண்டா?” என்று கேட்கலாமா? கேட்டே ஆகவேண்டும் என்று அவருக்கு மாநில அரசு உத்தரவு போடலாமா? “அது என் வேலை இல்லை, கேட்க மாட்டேன்” என்று அவர் சொன்னால் மத்திய அரசு அவரை என்ன செய்ய முடியும்?

அமெரிக்காவில் ஐம்பது வருடமாகச் சூடு குறையாமல் நடக்கும் விவாதம் இந்த மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் ஓடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது “வந்தவர்களை விரட்டலாமா, வைத்துக்கொள்ளலாமா” என்ற சண்டை போலத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் மத்திய, மாநில அதிகாரச் சண்டை. நமக்கு நன்றாகப் பழக்கமான சண்டைதான்.

எத்தனை போலீஸ், எத்தனை சட்டம்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். நம்மூர் போல மாநிலத்துக்கு ஒரு டிஜிபி, அவருக்குக் கீழே எல்லா ஸ்டேஷனும் என்ற அமைப்பு அங்கே கிடையாது. நகரத்துக்கு ஒரு போலீஸ், கவுன்ட்டிக்கு ஒரு ஷெரிஃப், மாநிலத்துக்குத் தனியாக ஒரு போலீஸ். கவுன்ட்டி என்பதை ஏறக்குறைய நம் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ஷெரிஃப் பெரும்பாலும் ஓட்டில் ஜெயித்து வருகிறவர். கவுன்ட்டி சிறையும் பெரும்பாலான இடங்களில் அவர் கையில்தான். இவர்கள் யாரும் வாஷிங்டனிடம் சம்பளம் வாங்குவதில்லை.

குடியேற்றச் சட்டத்தைச் செயல்படுத்துவது மத்திய அரசின் அமைப்புகள். எல்லையில் பார்டர் பேட்ரோல். நாட்டுக்குள்ளே 2003-இல் உருவான ‘ஐஸ்’ (ICE) என்ற குடியேற்ற, சுங்க அமலாக்க அமைப்பு. இந்த ஐஸில் ஆட்களைப் பிடித்து நாடுகடத்தும் பிரிவில் பல வருடங்களாக இருந்தவர்கள் சுமார் 6,000 அதிகாரிகள்தான். 2025-க்குப் பிறகுதான் பெரிய அளவில் ஆள் சேர்த்தார்கள். நாட்டில் அனுமதி இல்லாமல் இருப்பவர்களோ ஒரு கோடிக்கும் மேல். உள்ளூர், மாநிலப் போலீஸையெல்லாம் சேர்த்தால் பல லட்சம் பேர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே சண்டை எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும். மத்திய அரசுக்குக் கை போதாது. உள்ளூர்ப் போலீஸின் கை கிடைத்தால் அதன் வீச்சே வேறு.

இன்னொன்று, பலர் குழப்பிக்கொள்வது. விசா காலம் முடிந்தும் தங்கியிருப்பது அமெரிக்கச் சட்டத்தில் பொதுவாகக் கிரிமினல் குற்றம் கிடையாது. அது சிவில் மீறல். அதற்கான நடவடிக்கை நாடுகடத்துவது, சிறைத்தண்டனை இல்லை. சோதனைச் சாவடியைத் தவிர்த்து எல்லையைத் தாண்டி நுழைவது குற்றம். நாடுகடத்தப்பட்ட பிறகு மறுபடியும் வருவது அதைவிடப் பெரிய குற்றம். ஆனால் உள்ளே வந்துவிட்ட ஒருவர் இருக்கிறார் என்ற ஒன்றே குற்றமாகாது. உள்ளூர்ப் போலீஸ் வழக்கமாகக் கைது செய்வது குற்றத்துக்காக. சிவில் மீறலுக்காக ஒருவரைப் பிடித்து வைக்க அவர்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? வக்கீல்கள் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இருபத்திரண்டு பெண்களும் ஒரு கப்பலும்

இந்திய அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் குடியுரிமை, வெளிநாட்டினர், நாட்டுக்குள் அனுமதி, வெளியேற்றம் எல்லாம் மத்தியப் பட்டியலில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தில் ‘குடியேற்றம்’ என்ற சொல்லே இல்லை. குடியுரிமை கொடுப்பதற்கு நாடு முழுவதும் ஒரே விதி வகுக்கும் அதிகாரம் நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு உண்டு என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் நீதிபதிகள் வழக்கு வழக்காகக் கட்டிய கட்டடம்.

அதனால் முதல் நூறு ஆண்டுகள் மாநிலங்கள்தான் இந்த வேலையைப் பார்த்தன. நியூயார்க்கில் எல்லிஸ் தீவு நிலையம் 1892-இல் திறந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அதற்கு முன்பு 1855 முதல் காசில் கார்டன் என்ற நிலையத்தில் கப்பல் கப்பலாக வந்தவர்களைப் பதிவு செய்து உள்ளே விட்டது நியூயார்க் மாநில அரசின் ஆணையம்.

இந்த ஏற்பாட்டை உடைத்த வழக்குகளில் ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1874-இல் சான்ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கு ‘ஜப்பான்’ என்ற நீராவிக் கப்பல் வருகிறது. கலிஃபோர்னியா மாநிலத்தின் குடியேற்ற ஆணையர் கப்பலில் ஏறிப் பயணிகளைப் பார்க்கிறார். தனியாக வந்த 22 சீனப் பெண்களைப் பார்த்து, இவர்கள் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று முடிவு கட்டுகிறார். பார்த்த பார்வைதான் சாட்சி, வேறு விசாரணை கிடையாது. தலைக்கு 500 டாலர் தங்கமாகப் பிணை கட்டினால் இறக்கலாம் என்கிறார். கப்பல் தலைவர் கட்ட மறுக்கிறார். பெண்களைப் பிடித்து வைக்கிறார்கள். அவர்களில் சை லங் என்பவர் பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாமுவேல் மில்லர். அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் இந்த விவாதத்தின் மையமாகத் தெரிகிறது. இந்தப் பெண்கள் இங்கிலாந்து ராணியின் குடிமக்களாக இருந்திருந்தால் இங்கிலாந்து சும்மா இருக்குமா? நஷ்டஈடு கேட்டு யாரிடம் வரும்? கலிஃபோர்னியாவிடமா, அமெரிக்காவிடமா? மாநிலம் செய்த காரியத்துக்கு நாடு முழுவதும் பதில் சொல்ல வேண்டி வருமென்றால், அந்த அதிகாரத்தை ஒரு மாநிலத்தின் கையில், அதிலும் கப்பலில் ஏறிப் பார்க்கும் ஒரு சின்ன அதிகாரியின் கையில் விட முடியுமா? சட்டம் செல்லாது என்று பெண்களை விடுவித்தது நீதிமன்றம்.

சீனர்கள் மீது அப்போது அமெரிக்க மத்திய அரசுக்குக் கருணை பெருகி வழிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1882-இல் சீனத் தொழிலாளர்களே வரக்கூடாது என்று சட்டம் போட்டது அதே காங்கிரஸ்தான். அதிகாரம் மத்திய அரசுக்குப் போனால் நியாயம் தானாக வந்துவிடாது. இதை இந்தக் கட்டுரை முழுக்க நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1939-இல் பென்சில்வேனியா மாநிலம், வெளிநாட்டினர் எல்லாரும் வருடத்துக்கு ஒரு டாலர் கட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும், அட்டையை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டது. அடுத்த வருடமே மத்திய அரசு தன் சொந்தப் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1941-இல் உச்ச நீதிமன்றம் மாநிலச் சட்டத்தைத் தள்ளியது. மத்திய அரசு ஒரு துறையில் முழுமையான ஏற்பாடு செய்துவிட்டால், மாநிலம் அதன்மேல் தன் பங்குக்கு ஒரு அடுக்கு கட்ட முடியாது என்ற கொள்கை இங்கேதான் இத்துறையில் அழுத்தமாக விழுந்தது. மத்திய சட்டத்தின் வழியில் குறுக்கே நிற்கும் மாநிலச் சட்டம் செல்லாது. நம் முதல் கேள்விக்கான பதிலின் வேர் இது.

அரிசோனா

இப்போது 2010. அரிசோனாவின் கோபத்தைப் புரிந்துகொள்ளாமல் அதன் சட்டத்தைப் பேசுவது நியாயமாகாது. 1986-இல் ரீகன் காலத்தில் ஒரு ஒப்பந்தம் போலச் சட்டம் வந்தது. ஏற்கெனவே வந்தவர்களுக்கு அனுமதி, இனிமேல் அனுமதி இல்லாதவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்குத் தண்டனை. முதல் பாதி நடந்தது, சுமார் 27 லட்சம் பேருக்கு அனுமதி கிடைத்தது. இரண்டாவது பாதி பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றது. 1990-களில் கலிஃபோர்னியா, டெக்சாஸ் எல்லை நகரங்களில் காவலை இறுக்கினார்கள். கடப்பவர்கள் அரிசோனாவின் பாலைவனத்துக்குத் திரும்பினார்கள். தாகத்தில் செத்தவர்களின் உடல்கள் அங்கே வருடா வருடம் கிடைத்தன. கடத்தல் கும்பல்கள் பெருகின. 2010 மார்ச்சில் டக்ளஸ் நகருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையாளர் தன் நிலத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வாஷிங்டன் தன் வேலையைச் செய்யவில்லை, விளைவை நாங்கள் சுமக்கிறோம், அதனால் நாங்களே செய்கிறோம் என்றார்கள். அந்த ஆதங்கத்தில் உண்மை இருந்தது.

2010 ஏப்ரல் 23 அன்று ஆளுநர் ஜேன் ப்ரூவர் கையெழுத்திட்ட சட்டத்தின் பெயர் எஸ்பி 1070. அதன் நோக்கத்தை முதல் பிரிவிலேயே ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். வாழ்க்கையை நாலு பக்கமும் நெருக்கினால் அவர்களாகவே கிளம்பிப் போய்விடுவார்கள் என்பதுதான் அதன் சாரம். ஒபாமா அரசு வழக்குப் போட்டது. 2012 ஜூன் 25 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி ஆன்டனி கென்னடி எழுதினார்.

நான்கு பிரிவுகள் வழக்கில் இருந்தன. பதிவுப் பேப்பர் கையில் இல்லாவிட்டால் மாநிலக் குற்றம் என்ற பிரிவு செல்லாது. அனுமதி இல்லாமல் வேலை தேடுவதே குற்றம் என்ற பிரிவு செல்லாது. நாடுகடத்தத் தக்கவர் என்று தோன்றினால் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம் என்ற பிரிவும் செல்லாது. நான்காவது மட்டும் தப்பியது. வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்தும்போது, அவர் அனுமதி இல்லாதவர் என்று நியாயமான சந்தேகம் வந்தால், போலீஸ் மத்திய அரசிடம் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்ற பிரிவு அது. விசாரிப்பதற்காகவே ஒருவரை நேரம் கடத்தி நிறுத்தி வைத்தால் அது வேறு வழக்கு, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம்.

பேப்பர் கையில் இல்லாதது மத்திய சட்டத்தில் ஏற்கெனவே குற்றம்தானே, மாநிலமும் அதையே சொன்னால் என்ன தவறு என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி. கென்னடியின் பதிலைச் சுருக்கினால், யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்று தீர்மானிப்பதும் சட்டத்தின் ஒரு பகுதி. குடும்பத்தைக் காப்பாற்ற வேலை பார்க்கிறவரையும் எல்லை தாண்டி ஆள் கடத்துகிறவனையும் மத்திய அரசு ஒரே வரிசையில் நிறுத்துவதில்லை. ஐம்பது மாநிலங்களும் ஆளுக்கொரு பக்கம் வழக்குப் போட ஆரம்பித்தால் அந்தத் தீர்மானம் யார் கையிலும் இருக்காது. எதிர்த்து எழுதிய நீதிபதி ஸ்காலியா விட்டுக்கொடுக்கவில்லை. தன் எல்லைக்குள் யார் இருக்கலாம் என்று சொல்ல முடியாத ஒரு மாநிலத்தை இறையாண்மை உள்ளது என்று எப்படி அழைப்பது என்று கேட்டார்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி வேலை விசாவில் இருக்கிறவர்கள் உட்பட, 18 வயது நிரம்பிய வெளிநாட்டினர் தங்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய மத்திய சட்டம். கிரீன் கார்டு இருந்தால் அது, விசாவில் இருந்தால் பெரும்பாலும் ஐ-94 என்ற வருகைப் பதிவு. பல ஆண்டுகள் யாரும் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து கறாராக நடைமுறைப்படுத்துவோம் என்று அரசு அறிவித்தது. டாலஸிலோ ஃபீனிக்ஸிலோ உங்கள் பிள்ளை இருந்தால் ஐ-94 பிரதி ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தீர்ப்பு எப்படி இருந்தாலும் சாலையோரத்தில் அது உதவும்.

செய்ய மாட்டேன் என்றால்

சரி, மாநிலம் தானாக முன்வந்து செய்வது ஒரு பக்கம். செய்ய மறுத்தால்?

இதற்கான பதில் துப்பாக்கி வழக்கு ஒன்றிலிருந்து வந்தது. 1993-இல் வந்த ஒரு மத்திய சட்டம், கைத்துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியை உள்ளூர் ஷெரிஃப் சரிபார்க்க வேண்டும் என்றது. மொன்டானாவிலிருந்து ஒரு ஷெரிஃபும், அரிசோனாவிலிருந்து ஒரு ஷெரிஃபும் வழக்குப் போட்டார்கள். 1997-இல் தீர்ப்பு. மத்திய அரசு தன் திட்டத்தை நடத்த மாநில அதிகாரிகளுக்கு உத்தரவு போட முடியாது, அவர்களைத் தன் ஆட்களாக மாற்ற முடியாது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் ஸ்காலியா. துப்பாக்கி உரிமைக்காரர்கள் கொண்டாடிய அந்தத் தீர்ப்புதான் இன்று சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலீஸுக்கும் கேடயம். இந்த எண்ணத்தின் வேர் இன்னும் பழையது. 1842-இலேயே, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் வேலையை மாநில அதிகாரிகள்மேல் மத்திய அரசு சுமத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

‘புகலிட நகரம்’ என்று செய்திகளில் வருவது இப்படி மத்திய அரசுக்கு உதவ மறுக்கும் நகரங்களைத்தான். பெயரைக் கேட்டால் உள்ளே போய்விட்டால் யாரும் தொட முடியாத கோயில் மாதிரித் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. ஐஸ் அங்கேயும் வந்து கைது செய்யலாம், செய்கிறது. நகரத்தின் போலீஸ் அதற்கு உதவாது, அவ்வளவுதான்.

லாஸ் ஏஞ்சலீஸ் போலீஸ் 1979-இல் ‘சிறப்பு ஆணை 40’ என்ற ஒன்றைப் போட்டது. குடியேற்ற நிலையைக் கண்டுபிடிப்பதற்காகவே யாரையும் விசாரிக்கத் தொடங்கக் கூடாது. காரணம் தொழில் சார்ந்தது. வீட்டில் அடி வாங்கும் பெண் போலீஸுக்குப் போன் செய்ய வேண்டும். கொலையைப் பார்த்தவன் சாட்சி சொல்ல வர வேண்டும். ஸ்டேஷன் வாசலை மிதித்தாலே நாடுகடத்தல் என்றால் ஒருவரும் வரமாட்டார்கள், குற்றவாளிக்குத்தான் கொண்டாட்டம். 1987-இல் ஓரிகன் மாநிலம் இதைச் சட்டமாகவே ஆக்கியது.

நடைமுறையில் இந்தச் சண்டையின் உண்மையான களம் கவுன்ட்டி சிறை. அங்கே நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக ஒருவரைப் பிடிக்கிறார்கள். சிறையில் கைரேகை எடுக்கிறார்கள். அது எஃப்பிஐக்குப் போகிறது. 2008-இல் தொடங்கிப் படிப்படியாக நாடு முழுக்க வந்த ஏற்பாட்டின்படி, அங்கிருந்து தானாகவே குடியேற்றத் துறைக்கும் போகிறது. புகலிட நகரமானாலும் இது நிற்காது. ரேகை பொருந்தினால் ஐஸ் அந்தச் சிறைக்கு ‘டிடெய்னர்’ என்று ஒரு படிவம் அனுப்புகிறது. இவரை விடும் நேரம் வந்தாலும் 48 மணி நேரம் வரை கூடுதலாக வைத்திருங்கள், நாங்கள் வந்து அழைத்துக்கொள்கிறோம்.

இதில் சிக்கல் என்னவென்றால், அந்தப் படிவத்திலோ கூட வரும் வாரண்டிலோ நீதிபதியின் கையெழுத்து இருக்காது. ஐஸ் அதிகாரியே போடும் கையெழுத்துதான். ஜாமீன் கட்டியாகிவிட்டது, வழக்கு முடிந்துவிட்டது, வெளியே விட வேண்டிய ஆளை நீதிபதி உத்தரவு இல்லாமல் இரண்டு நாள் வைத்திருப்பது புதிதாக ஒரு கைதுக்குச் சமம். 2014-இல் ஓரிகனில் ஒரு கவுன்ட்டி இப்படி வைத்திருந்தது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று மத்திய நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் வேறொரு வழக்கில் ஒரு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், டிடெய்னர் என்பது வேண்டுகோள்தான், கட்டளை இல்லை என்றது. வேண்டுகோள் என்றால் நஷ்டஈட்டுப் பொறுப்பு கேட்டதைச் செய்த கவுன்ட்டியின் தலையில். பல ஷெரிஃப்கள் பின்வாங்கியது கொள்கைக்காக மட்டும் இல்லை, இந்தப் பயத்தாலும்தான்.

மறுபக்கத்தை மறைக்கக் கூடாது. 2015 ஜூலையில் சான்ஃபிரான்சிஸ்கோ கடற்கரையோரம் அப்பாவோடு நடந்துகொண்டிருந்த ஒரு இளம்பெண் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தவர் அதற்கு முன்பு ஐந்து முறை நாடுகடத்தப்பட்டவர். சில மாதங்களுக்கு முன்பு நகரச் சிறையில்தான் இருந்தார். டிடெய்னர் வந்தும் மதிக்காமல் விட்டிருந்தார்கள். குண்டு தரையில் பட்டுத் தெறித்தது, கொலை நோக்கம் இல்லை என்று அவர் தரப்பு வாதாடியது, 2017-இல் ஜூரி அவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆனால் “ஒரு போன் செய்திருந்தால் என் பெண் இருந்திருப்பாள்” என்று ஒரு பெற்றோர் நினைத்தால், அதற்கு எந்தச் சட்டக் கோட்பாடும் ஆறுதல் ஆகாது. நானாக இருந்தால், வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவரை விடும் நாளை ஐஸுக்குச் சொல்வதில் தவறே இல்லை என்பேன். புகலிடச் சட்டங்களில் பெயர்போன கலிஃபோர்னியாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டமேகூடக் கடுமையான குற்றங்களுக்கு அந்த வழியைத் திறந்துதான் வைத்திருக்கிறது.

சாண்ட்லர்

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. 1996-இல் வந்த மத்திய சட்டத்தின் 287(ஜி) என்ற பிரிவு. விரும்பும் உள்ளூர்ப் போலீஸ் மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டு, பயிற்சி பெற்று, அதன் மேற்பார்வையில் குடியேற்ற வேலையைச் செய்யலாம். முதல் ஒப்பந்தம் 2002-இல் ஃபுளோரிடாவோடு. சிறைக்குள் மட்டும் விசாரிப்பது ஒரு வகை, தெருவிலேயே விசாரிப்பது இன்னொரு வகை. தெரு வகையை 2012-இல் நிறுத்தினார்கள், 2025-இல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு வருடத்துக்குள் ஒப்பந்தங்கள் நூற்றுச் சொச்சத்திலிருந்து ஆயிரத்தைத் தாண்டின.

கேட்பதற்கு நியாயமான ஏற்பாடு. தெருவில் இறங்கும்போது என்ன ஆகிறது என்பதற்கு ஃபீனிக்ஸை ஒட்டியுள்ள சாண்ட்லர் நகரத்தின் கதை போதும். அங்கே நடந்தது இந்த ஒப்பந்தத்தின் கீழ் இல்லை, நகரப் போலீஸும் பார்டர் பேட்ரோலும் சேர்ந்து நடத்திய கூட்டு வேட்டை. 1997 ஜூலைக் கடைசியில் ஐந்து நாட்கள். நகரின் பழைய பகுதியில் மளிகைக் கடை வாசலிலும் தெருவிலும் வீட்டு வாசலிலும் ஆட்களை நிறுத்திப் பேப்பர் கேட்டார்கள். 432 பேர் பிடிபட்டார்கள். நிறுத்தப்பட்டவர்களில் அங்கேயே பிறந்து வளர்ந்த அமெரிக்கக் குடிமக்கள் பலர். தங்கள் ஊரில், பால் வாங்கப் போன இடத்தில், தாங்கள் அமெரிக்கர்கள் என்று நிரூபிக்க வேண்டிவந்தது. மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலே விசாரித்து, தோல் நிறத்தையும் பேச்சையும் வைத்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தார். நகரம் 4 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இன்று அதே சாண்ட்லரில் இன்டெல் ஆலையை நம்பி எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் குடியிருக்கின்றன. மாநிறத்து முகம், தாய்மொழி வாடை அடிக்கும் ஆங்கிலம். அந்த ஐந்து நாட்களில் ஒரு போலீஸ்காரர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிந்திருப்போம்?

சாண்ட்லர் இருக்கும் மரிகோபா கவுன்ட்டியின் ஷெரிஃப் ஜோ ஆர்பயோ 2007-இல் 287(ஜி) ஒப்பந்தம் போட்டார். அவருடைய ஆட்கள் கும்பலாக இறங்கி, சின்னச் சின்ன டிராஃபிக் மீறலுக்காகக் கார்களை நிறுத்தினார்கள். முறையான விசாவில் வந்திருந்த ஒரு மெக்சிகோ சுற்றுலாப் பயணி காரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்ததற்காக மணிக்கணக்கில் பிடித்து வைக்கப்பட்டார். அவர் போட்ட வழக்கில் 2013-இல் நீதிபதி முர்ரே ஸ்னோ, இது இன அடிப்படையில் குறிவைப்பது என்று தீர்ப்பளித்தார். நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் இட்ட உத்தரவை மீறியதற்காக 2017-இல் ஆர்பயோ குற்றவாளி என்று தீர்ப்பானது. அடுத்த மாதமே அதிபர் டிரம்ப் மன்னிப்பு கொடுத்தார்.

“நியாயமான சந்தேகம்” என்று சட்டத்தில் எழுதுவது சுலபம். ஒருவர் விசா முடிந்தவர் என்பது காரின் கண்ணாடி வழியாக எப்படித் தெரியும்? தெரிவது முகம்தான். உள்ளூர்ப் போலீஸிடம் இந்த வேலையைத் தெருவில் கொடுக்கவே கூடாது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

கட்சி மாறும் வாதங்கள்

இந்த விவாதத்தில் யார் எந்தக் கொள்கை பேசுகிறார்கள் என்பது வாஷிங்டனில் யார் ஆட்சி என்பதைப் பொறுத்து மாறும். பைடன் காலத்தில் டெக்சாஸ், “மத்திய அரசு போதிய அளவு ஆட்களைப் பிடிக்கவில்லை, பிடிக்கச் சொல்லுங்கள்” என்று வழக்குப் போட்டது. 2023-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில், அப்படி வழக்குப் போட மாநிலத்துக்குத் தகுதி இல்லை என்றது. 2025-இல் டிரம்ப் அரசு, ஒத்துழைக்கவில்லை என்று இல்லினாய் மாநிலத்தின்மேலும் சிகாகோ நகரத்தின்மேலும் வழக்குப் போட்டது. ஜூலையில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். மாநில உரிமை என்பது குடியரசுக் கட்சியின் முழக்கம் என்று பழகியவர்களுக்கு, அதே முழக்கம் சிகாகோ மேயர் அலுவலகத்திலிருந்து வருவது விசித்திரமாக இருக்கும். 2025-இல் டெக்சாஸ் தன் ஷெரிஃப்கள் 287(ஜி) ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. மத்திய அரசு மாநிலத்தைக் கட்டாயப்படுத்த முடியாதே தவிர, மாநிலம் தன் கவுன்ட்டிகளைக் கட்டாயப்படுத்தத் தடையில்லை. நகரங்களும் கவுன்ட்டிகளும் சட்டத்தின் பார்வையில் மாநிலத்தின் பிள்ளைகள்.

டெக்சாஸ் இதைவிடவும் தூரம் போனது. ஈகிள் பாஸ் நகரத்தில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் முள்கம்பிச் சுருள்களைப் போட்டது. 2024 ஜனவரியில் அங்கேயுள்ள ஷெல்பி பூங்காவை மாநிலத்தின் தேசியக் காவல் படை கையில் எடுத்து, பார்டர் பேட்ரோலையே உள்ளே விட மறுத்தது. முந்தைய டிசம்பரில் ஆளுநர் கிரெக் அபோட் எஸ்பி 4 என்ற சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். அனுமதி இல்லாமல் எல்லை தாண்டுவது இனி மாநிலக் குற்றம். மாநிலப் போலீஸ் கைது செய்யலாம். மாநில நீதிபதியே “மெக்சிகோவுக்குத் திரும்பிப் போ” என்று உத்தரவு போடலாம். அரிசோனாகூட இதைக் கேட்கவில்லை. அது பிடித்து மத்திய அரசிடம் கொடுப்போம் என்றுதான் சொன்னது.

2024 பிப்ரவரி கடைசியில் நீதிபதி டேவிட் எஸ்ரா இந்தச் சட்டத்தை நிறுத்தினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் போட்ட தடையைத் தற்காலிகமாக விலக்கியது. மார்ச் 19 அன்று அதில் உச்ச நீதிமன்றம் குறுக்கிட மறுத்ததால் சட்டம் அமலுக்கு வந்தது. அன்று இரவே அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தை மறுபடியும் நிறுத்தியது. நடுவில் சில மணி நேரம் சட்டம் உயிரோடு இருந்தது, எல்லையோரக் கவுன்ட்டி ஷெரிஃப்களுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. வழக்கு அதோடு ஓயவும் இல்லை.

எஸ்பி 4-இன்கீழ் மாநில நீதிபதி போடும் உத்தரவின்படி ஒருவரை எல்லைப் பாலம் வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பிப் போகச் சொல்ல வேண்டும். போகாவிட்டால் 20 வருடம் வரை சிறை. அவர் மெக்சிகோக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஹோண்டுராஸோ வெனிசுவேலாவோ, ஏன், தமிழ்நாடோகூடச் சொந்த ஊராக இருக்கலாம். அந்த மார்ச் 19 அன்றே மெக்சிகோ அரசு, டெக்சாஸ் மாநிலம் திருப்பி அனுப்பும் யாரையும் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கமாட்டோம் என்று அறிவித்தது. சை லங் வழக்கில் மில்லர் கேட்டது இதுதான்: அடுத்த நாடு வந்து கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது? பாலத்தின் இந்தப் பக்கம் 20 வருடச் சிறை, அந்தப் பக்கம் மூடிய கேட். நடுவில் நிற்கிற ஆளிடம் எந்த அரசு பேசும் என்று எஸ்பி 4-இல் எந்தப் பிரிவிலும் எழுதியிருக்கவில்லை.